டயரும் டெலிபோனும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவன் டெலிவிஷனைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அமெரிக்க அனுபவங்கள்'. அதில் பனி உண்டு, விசா உண்டு, ஊறுகாய் பாட்டில் சூட்கேஸில் உடைந்த கதை உண்டு. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே மேடையில் அதையெல்லாம் கேட்டுவிட்டீர்கள். தவிர, நான் இருந்தது ஹூஸ்டன். அங்கே பனியும் கிடையாது, மெட்ராஸ் வெயில்தான். ஆகவே அந்த ஊர் டிவி செய்தியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டயரைப் பற்றியும் பேசுவேன். அதனால் நான் படித்த டிபார்ட்மெண்டுக்குத் துரோகம் இல்லை.

முதலில் ஒரு விளக்கம். நாம் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள். செய்தி என்றால் டெல்லியிலிருந்து வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. என்று பெரிய நெட்வொர்க்குகள் நாடகமும் தேசியச் செய்தியும் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அவற்றோடு சேர்ந்த ஒரு நிலையம் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் ஊர்ச் செய்தியை அதுவே தயாரிக்கும். எந்த ரோட்டில் லாரி கவிழ்ந்தது, நாளைக்கு மழை உண்டா, எந்தக் கடையில் தீப்பிடித்தது, இவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி நாள் சகிக்காது. ஆனால் அந்தச் செய்தியின் ஒரு மூலையில், நுகர்வோர் புகாரையும் துப்புத் துலக்குவதையும் வேலையாக வைத்திருந்த நாலைந்து பேர் இருந்தார்கள். நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றித்தான்.

13-ம் சேனல் கே.டி.ஆர்.கே.யில் மார்வின் ஸிண்ட்லர் என்று ஒருவர். 1921-ல் ஹூஸ்டனிலேயே பிறந்தவர், அப்பாவுக்குத் துணிக்கடை. வெள்ளை விக், நீலக் கண்ணாடி, பளபளக்கும் சூட். முகத்துக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொள்வார். முதலில் ஷெரீஃப் அலுவலகத்தில் நுகர்வோர் மோசடிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். புது ஷெரீஃப் வந்ததும் வேலை போயிற்று. 1973-ல் டிவிக்கு வந்துவிட்டார். வந்த வருஷமே, லா கிராஞ்ச் என்ற ஊருக்குப் பக்கத்தில் போலீஸ் வெகுகாலமாகக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த ஒரு விபசார விடுதியை அம்பலப்படுத்தி மூடவைத்தார். அந்த ஊர் ஷெரீஃப் கோபத்தில் இவரை அடித்து, விலா எலும்பு விரிசல் விட்டு, விக்கையும் பிடுங்கிக்கொண்டார். அந்த விடுதியின் கதை பிற்பாடு பிராட்வேயில் இசை நாடகமாகி, 1982-ல் சினிமாவாகவும் வந்தது.

ஆனால் ஹூஸ்டன்காரர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது வெள்ளிக்கிழமை ராத்திரிக்காக. அன்றைக்கு அவர் எலி, கரப்பான் ரிப்போர்ட் வாசிப்பார். நகரச் சுகாதாரத் துறை இன்ஸ்பெக்டர்கள் ஓட்டல் ஓட்டலாகப் போய் எழுதிய அறிக்கையிலிருந்து, ஓட்டல் பெயரைச் சொல்லியே வாசிப்பார். ஐஸ் மெஷினில் பாசி பிடித்திருந்தால் 'ஸ்லைம்' என்ற சொல்லை அரை நிமிஷம் இழுப்பார். குழந்தைகள் அவரைப் போலவே கத்திக் காட்டும். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் சனிக்கிழமை எங்கே சாப்பிடப் போவது என்பது வெள்ளிக்கிழமை ராத்திரிதான் முடிவாகும். சைவக்காரர்களுக்குக் கரப்பான் விஷயத்தில் இரட்டைக் கவலை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஒரு ரகசியத்தையும் தோண்டி எடுக்கவில்லை. அந்த அறிக்கைகள் எல்லாம் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டிய அரசாங்கக் காகிதம். டெக்சஸில் 1971-ல் ஷார்ப்ஸ்டவுன் வங்கி ஊழல் வெடித்து, அரசியல்வாதிகள் பலர் வீட்டுக்குப் போய், அந்தக் கோபத்தில் 1973-ல் திறந்த ஆவணச் சட்டம் வந்தது. வியாபார ஏமாற்றுக்கு எதிரான சட்டமும் அதே வருஷம்தான். ஸிண்ட்லர் டிவிக்கு வந்ததும் அதே வருஷம். சட்டம் அலமாரியைத் திறந்துவிட்டது. உள்ளே இருந்ததை ஒருவர் வாராவாரம் உரக்கப் படித்தார். 2007-ல் 85 வயதில் இறக்கும்வரை அந்த வேலையில்தான் இருந்தார்.

விக்கையும் கூச்சலையும் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவருடைய ஆபீசுக்கு வந்த கடிதத்தையும் போனையும் நினைத்தால் சிரிப்பு குறையும். வாடகை முன்பணம் திரும்பி வராதவர்கள், பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள், குழந்தையின் அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லாதவர்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். இலவசமாகச் சிகிச்சை செய்ய ஒப்புக்கொண்ட டாக்டர்களுக்கு 'மார்வினின் தேவதைகள்' என்றே பெயர். டிவியில் வந்தது ஐந்து நிமிஷம் என்றால், அதற்குப் பின்னால் நாள் முழுக்க யாராவது ஒருவர் போனை எடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இப்போது டயருக்கு வருகிறேன்.

1990-களில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற உயரமான வண்டி அமோகமாக விற்றது. எங்கள் தெருவிலேயே மூன்று இருந்தது. அதில் பலவற்றுக்கு ஃபயர்ஸ்டோன் கம்பெனியின் டயர்கள். நம் ஊரில் நெடுஞ்சாலை ஓரமாக லாரி டயரின் ரப்பர் பட்டை உரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரீட்ரெட் பண்ணின டயர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இங்கே உரிந்தது கம்பெனியிலிருந்து வந்த அசல் டயர். ரேடியல் டயருக்குள் ட்ரெட்டுக்குக் கீழே எஃகுக் கம்பியால் ஆன இரண்டு பெல்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் பெல்ட் ட்ரெட்டோடு சேர்ந்து கீழ் பெல்ட்டிலிருந்து பிரிந்துவிடும். கடும் வெயில், நிறையச் சாமான், மணிக்கு எழுபது மைல் வேகம், கொஞ்சம் காற்றுக் குறைவு, இவை சேர்ந்தால் டயர் சூடேறி இது நடக்கும். பின் சக்கரத்தில் நடந்தால் வண்டி சுழலும். உயரமான வண்டியாதலால் உருளவும் செய்யும். இதெல்லாம் பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது தெரியாது.

ஏன் தெரியாது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அடிபட்ட குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. பல வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு காகிதம் கட்டி வைக்கப்பட்டது. ஒவ்வொரு வக்கீலுக்கும் அவர் கட்சிக்காரரின் கேஸ் தெரியும், பக்கத்து ஊர்க் கேஸ் தெரியாது. ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் ஸாம் பாய்டன் என்ற ஆய்வாளர், ஒரே மாதிரி டயர் உரிந்த 21 விபத்துகளைச் சேர்த்துப் பார்த்து, 1998-ல் மத்திய அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு எழுதினார். அந்தத் துறையை 'நிட்ஸா' என்பார்கள். கடிதம் போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. 1999-ல் சவுதி அரேபியா போன்ற வெளிநாடுகளில் ஃபோர்டே டயர்களை மாற்றிக் கொடுத்தது. ஆனால் வெளிநாட்டில் செய்ததை அமெரிக்க அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைய சட்டத்தில் இல்லை. டயர் கம்பெனிக்குள்ளேயே, நஷ்டஈடு கேட்டு வந்த கோரிக்கைகள் ஒரு பிரிவில் கணக்குக்காகச் சேர்ந்துகொண்டிருந்தன. டயரின் தரத்தைப் பார்க்கும் என்ஜினியர்கள் வேறு புள்ளிவிவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் போய் உட்காரப் போகும் மேசை இது. அங்கே யாரும் வில்லன் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு இருக்க மாட்டார்கள். 'இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லையே சார்' என்பார்கள். அவ்வளவுதான்.

11-ம் சேனல் கே.ஹெச்.ஓ.யு.வில் ஆனா வெர்னர் என்ற நிருபர், டேவிட் ரஸீக் என்ற தயாரிப்பாளர், கிறிஸ் ஹெனாவோ என்ற கேமராக்காரர். மூன்று பேர். ஒரு வக்கீல் மூலமாக வந்த தகவலைப் பிடித்துக்கொண்டு, வேறு ஊர் வக்கீல்களுக்குப் போன் போட்டார்கள், கோர்ட் காகிதங்களைத் தேடினார்கள். ஊருக்கு ஒன்றாகக் கிடந்த கேஸ்கள் ஒரு மேசைக்கு வந்தன. 2000 பிப்ரவரி 7-ம் தேதி ராத்திரிச் செய்தியில் ஒளிபரப்பினார்கள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. நிலையத்துக்கும் அதன் சொந்தக்காரரான பீலோ நிறுவனத்துக்கும் காட்டமாக ஒரு கடிதம் போயிற்று. சொன்னதெல்லாம் பொய், எங்கள் டயரில் குறையே இல்லை என்ற தொனியில். நிலையம் பின்வாங்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் போன். ஒளிபரப்பான பிறகு நிலையத்துக்கு வரிசையாக அழைப்புகள். 'எனக்கும் இதே மாதிரி ஆச்சு.' 'என் தங்கை வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆச்சு.' ஒவ்வொருவரும் அதுவரை அதைத் தன் துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தவர்கள். ஆணி குத்தியிருக்கும், காற்று பார்க்காமல் விட்டிருப்போம், நம் நேரம் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டவர்கள். நிலையத்துக்காரர்கள் கதையைக் கேட்டுக்கொண்டு, நிட்ஸாவின் போன் நம்பரைக் கொடுத்து அங்கேயும் சொல்லச் சொன்னார்கள். இரண்டு வருஷம் முன்பு ஒரு தனி மனிதரின் கடிதமாகப் போய் முடங்கிய விஷயம், இப்போது நூறு குரலாகப் போய்ச் சேர்ந்தது. மே மாதம் 2-ம் தேதி நிட்ஸா விசாரணையைத் தொடங்கியது. ஆகஸ்ட் 9-ம் தேதி ஃபயர்ஸ்டோன், ஓட்டத்தில் இருந்த 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

வெயில் மாநிலங்களுக்கு முதல் முறை. டெக்சஸும் அதில் ஒன்று. பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயில் பார்க்கிங்கில் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த காட்சி மறக்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பி.ஹெச்டி. வாங்கின மனுஷர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். என் வண்டியில் இருந்தது வேறு கம்பெனி டயர். இருந்தாலும் நானும் உட்கார்ந்து படித்தேன்.

அப்புறம் இரண்டு கம்பெனிகளும் ஒன்றை ஒன்று கை காட்டின. டயர் சரியில்லை என்றது ஃபோர்டு. வண்டிதான் உருள்கிறது, நீங்கள் 26 பவுண்டு காற்று போதும் என்று எழுதியது தப்பு, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். இரண்டும் சம்பந்தி வீடுகள் என்பது கூடுதல் சுவாரஸ்யம். அப்போது ஃபோர்டு சேர்மனாக இருந்தவர் இரண்டு குடும்பத்துக்கும் கொள்ளுப்பேரன். 2001-ல் ஏறக்குறைய நூறு வருஷத்து உறவு முறிந்தது. நிட்ஸா அந்த வருஷம் மேலும் 35 லட்சம் டயர்களைக் குறையுள்ளவை என்று தீர்மானித்தது. வண்டியைத் தனியாக விசாரிக்க 2002-ல் மறுத்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட சாவுகள் 271. இது நிட்ஸாவின் கணக்கு.

11-ம் சேனலுக்கு பீபாடி விருது கொடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் பிப்ரவரி 7 என்ற தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் மாதங்களை 'ஸ்வீப்ஸ்' என்பார்கள். எத்தனை பேர் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று நீல்சன் கம்பெனி எல்லா ஊரிலும் கணக்கெடுத்த மாதங்கள் அவை. அந்தக் கணக்கை வைத்துத்தான் விளம்பரக் கட்டணம். ஆகவே பெரிய துப்புச் செய்திகளை எல்லாம் அந்த மாதங்களுக்கென்று சேர்த்து வைப்பார்கள். அதே மாதத்தில்தான் 'உங்கள் சமையலறை ஸ்பாஞ்சில் மரணம்' என்ற ரகத்தில் உதவாத பயமுறுத்தல்களும் வரும். ஒரு நிலையத்தின் காசு ஆசையும் ஊருக்குப் பண்ணின உபகாரமும் ஒரே காலண்டரில் இருந்தன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நிறைவாகவும் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

குறை வேறு இருக்கிறது. ரகசியக் கேமராவை வைத்து ஏ.சி. ரிப்பேர்காரர் ஐம்பது டாலர் அதிகம் வாங்கினதைப் பிடித்து, பார்க்கிங்கில் துரத்தி மைக்கை நீட்டுவார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் கார் விற்கும் பெரிய டீலர்கள் பக்கம் பல நிலையங்கள் போகாது, விளம்பரமே அவர்களுடையதுதான். பத்திரிகைக்கே அந்த கதி உண்டு. 1994-ல் கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே மெர்க்குரி நியூஸ், கார் வாங்கும்போது எப்படி விலை பேசுவது என்று ஒரு கட்டுரை போட்டதற்கு, டீலர்கள் கூடிப் பேசி விளம்பரத்தை நிறுத்தினார்கள். மத்திய வணிக ஆணையம் தலையிட வேண்டியிருந்தது. அவசரத்தில் கெட்டுப்போனதும் உண்டு. 1992-ல் என்.பி.சி. நெட்வொர்க், ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் மோதலில் தீப்பிடிப்பதைக் காட்டியது. கட்டாயம் தீப்பிடிக்கட்டும் என்று அடியில் பற்றவைக்கும் கருவி கட்டியிருந்தார்கள். குட்டு வெளிப்பட்டு 1993-ல் திரையில் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஒரு காட்சியால், ஒழுங்காக வேலை செய்தவர்களைப் பார்த்தும் 'நீங்களும் பட்டாசு வைத்தீர்களா' என்று கேட்க வழி பிறந்தது.

அதே 11-ம் சேனல் 2002 நவம்பரில் — பாருங்கள், அதுவும் ஸ்வீப்ஸ் மாதம் — ஹூஸ்டன் போலீசின் தடயவியல் லேபைப் பற்றிச் சொன்னது. லேபின் டி.என்.ஏ. அறிக்கைகளையும் கோர்ட் சாட்சியத்தையும் வெளியாட்களான நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கலிபோர்னியாப் பேராசிரியர் வில்லியம் தாம்ஸன் அவர்களில் ஒருவர். கணக்கும் முடிவும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். டிசம்பரில் டி.என்.ஏ. பிரிவு மூடப்பட்டது. இங்கேயும் போன்தான். ஒளிபரப்பைப் பார்த்த ஒரு தாய் நிருபர்களைத் தொடர்பு கொண்டாள். அவள் மகன் செய்யாத குற்றத்துக்கு, பதினாறு வயதில் பிடிபட்டு, 25 வருஷத் தண்டனையில் உள்ளே இருந்தான். முக்கிய ஆதாரம் அந்த லேப் ரிப்போர்ட். தாம்ஸன் அதைப் பார்த்தார், மறுபரிசோதனை நடந்தது, அவனுடைய டி.என்.ஏ. இல்லை என்று தெரிந்தது. 2003 மார்ச்சில் நாலு வருஷத்துக்கு மேல் கழித்து வெளியே வந்தான். அந்த ராத்திரி அந்த அம்மாள் வேறு சேனல் பார்த்துக்கொண்டிருந்தால் என்று நான் யோசிப்பதுண்டு.

'சார், இங்கே எப்படி?' என்று பின்னால் ஒரு தம்பி கேட்பது காதில் விழுகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அரசாங்கத்துக்கு வெகுகாலம் இல்லை. கம்பெனிகள் 2012 முதல் தாங்களாகவே ஒரு நடைமுறை வைத்துக்கொண்டிருந்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரே ரக வண்டி வைத்திருப்பவர்களில் இத்தனை சதவீதம் பேர் புகார் கொடுத்தால் திரும்பப் பெற உத்தரவிடலாம் என்கிறது. புகார் எண்ணிக்கையையே சட்டத்துக்குள் எழுதிவிட்டார்கள். அப்படியானால் ஒர்க்‌ஷாப்பில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். வாட்ஸ்அப்பில் திட்டி எழுதுகிறவனும் வரமாட்டான். எழுதவேண்டிய இடத்தில் எழுதினவன் மட்டும்தான் ஒரு எண்.

டயர் விவகாரத்துக்குப் பிறகு, 2000 நவம்பர் 1-ம் தேதி அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் டயரோ வண்டியோ மாற்றிக் கொடுத்தால் இங்கேயும் சொல்லியாக வேண்டும், சாவு, காயம், நஷ்டஈட்டுக் கோரிக்கை எல்லாம் காலாகாலத்தில் நிட்ஸாவுக்குப் போக வேண்டும் என்று விதி. அதாவது தனித்தனி மேசைகளில் கிடந்த காகிதத்தை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. அதே சட்டத்தில்தான் டயரில் காற்றுக் குறைந்தால் டிரைவருக்குத் தெரியவேண்டும் என்றும் எழுதினார்கள். 2007 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். டாஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவே ஆச்சரியக்குறி, மஞ்சள் விளக்கு. இங்கே விற்கும் பல கார்களிலும் பார்த்திருப்பீர்கள். வெளியே நிற்கிற கார்களில் சிலவற்றில் இப்போதே எரிந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஆட்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டு வாசனையும் வந்துவிட்டது. கேள்வி இருந்தால் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சொல்கிறேன்.